வந்து இறங்கிய செடியை எங்கே வைத்து, எத்தனை நாள் பார்ப்பது?

வெளிநாட்டிலிருந்து ஆயிரம் செடி வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்பிய நாட்டின் தாவர நலச் சான்றிதழ் கூடவே இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் இலை பச்சையாக, வேர் சுத்தமாக, குறை எதுவும் கண்ணில் படவில்லை. இப்போது முடிவெடுக்க வேண்டியவருக்கு நான்கு வழிகள். துறைமுகத்திலேயே பார்த்து விட்டுவிடலாம். வாங்கியவரின் நர்சரியில் தனியே ஒதுக்கி வளர்க்கச் சொல்லி, ஆய்வாளர் இடையிடையே போய்ப் பார்க்கலாம். அரசின் மூடிய குவாரண்டைன் நிலையத்தில் வைக்கலாம். இலையையோ தண்டையோ வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கலாம்.

இதைப் பற்றிப் பேச்சு வந்தால் பலரும் "எது ரொம்பக் கண்டிப்பானது?" என்பதில்தான் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் கேட்க வேண்டியது வேறு: நாம் தேடுகிற பூச்சியோ நோயோ வெளியே தெரிய எத்தனை நாள் ஆகும்? மாவுப்பூச்சி என்றால் இன்றைக்கே தெரியும். இலைப்பேன் முட்டை இலைக்குள் இருந்தால் இரண்டு வாரம் போல ஆகும். தண்டுக்குள் இருக்கும் நீள்கொம்பு வண்டின் புழுவுக்கு ஓராண்டு, இரண்டாண்டு. ஒட்டுக்குச்சியில், அதாவது வேறொரு செடியில் ஒட்டுக்கட்ட வெட்டிய குச்சியில், ஒளிந்திருக்கும் வைரஸ் அந்தச் செடியில் கடைசிவரை முகம் காட்டாமலே இருந்துவிடலாம். இந்த நாள் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், நான்கு வழிகளில் எதை எதற்கு எடுப்பது என்பது பாதி தானாகவே பிரிந்துவிடும்.

துறைமுகத்தில் ஒரு பார்வை

முதல் வழியை ஏளனமாகப் பேசுவது எளிது. ஆனால் அது வேலை செய்த கதைகளும் உண்டு. 1910 ஜனவரியில் டோக்கியோ நகரம் பரிசாக அனுப்பிய 2,000 செர்ரி மரங்கள் வாஷிங்டன் வந்து சேர்ந்தன. வேளாண் துறை ஆய்வாளர்கள் அவற்றில் பூச்சிகளையும் நூற்புழுவையும் நோயையும் கண்டார்கள். இரு நாட்டு நட்பின் அடையாளமாக வந்த மரங்கள். வேண்டாம் என்று சொல்வது சுலபமாக இருந்திருக்காது. ஆனாலும் அதிபர் டாஃப்ட் சம்மதித்தார், மரங்கள் எரிக்கப்பட்டன. 1912-இல் ஜப்பான் புதிதாக 3,020 மரங்களை அனுப்பியது. அந்த நகரத்தில் செர்ரி பூக்கும் காலம் இன்று திருவிழாவாக இருப்பது அந்த இரண்டாவது சரக்கால்தான். முதல் சரக்கில் இருந்த தொல்லை, பார்த்தவுடன் கண்ணில் படும் அளவுக்கு வெளிப்படையாக இருந்தது. அப்படிப்பட்ட சரக்கை நிறுத்த இந்த வழியே போதும்.

இதற்கு இன்னொரு பெரிய பலமும் இருக்கிறது. சரக்கு முழுக்க ஒரே இடத்தில் இருக்கும் கடைசி நேரம் அதுதான். அடுத்த நாள் அது இருபது பேரிடம் பிரிந்துபோயிருக்கும். ஒட்டிய மண், நத்தை, களைவிதை, செதில்பூச்சி, வேர்முடிச்சு போன்றவற்றைப் பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. தொட்டியிலிருந்து செடியை உருவி வேரைப் பார்க்க வேண்டும், இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மேலாகப் பார்த்து முத்திரை குத்துவதை ஆய்வு என்று சொல்ல முடியாது.

பலவீனம் கணக்கில் இருக்கிறது. எல்லாச் செடியையும் பார்க்க முடியாது என்பதால் மாதிரி எடுக்கிறார்கள். "நூற்றுக்கு இரண்டு" என்ற விகிதம் கேட்க நியாயமாகத்தான் தோன்றும். சரக்கில் 1 விழுக்காடு செடிகளில் பூச்சி இருக்கிறது என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். 10,000 செடிகள் வந்தால் 200 செடிகளைப் பார்க்கிறோம்; அந்த 200-இல் பூச்சியுள்ள செடி ஒன்றாவது இருக்க 87 விழுக்காடு வாய்ப்பு. 1,000 செடிகளில் 20 பார்த்தால் அந்த வாய்ப்பு 18 விழுக்காடு. 200 செடிகளில் 4 பார்த்தால் வெறும் 4 விழுக்காடு! ஒரே விதி, ஒரே அளவு பூச்சி. சின்ன சரக்கு கிட்டத்தட்ட பார்க்கப்படாமலே உள்ளே போகிறது.

இதற்காகத்தான் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 31-ஆவது தரநிலை மாதிரி எடுப்பதைப் புள்ளியியல் முறையில் அணுகுகிறது. எத்தனை விழுக்காடு பாதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், எவ்வளவு உறுதியோடு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். எத்தனை செடி பார்ப்பது என்பது அதிலிருந்து வரும். 1,000 செடி சரக்கில் 1 விழுக்காடு பாதிப்பை 95 விழுக்காடு உறுதியோடு பிடிக்க 258 செடிகளைப் பார்க்க வேண்டும். 10,000 செடி சரக்கென்றால் 294. சரக்கு பத்து மடங்கு பெருத்தும் மாதிரி கொஞ்சம்தான் கூடுகிறது, பாருங்கள். இதெல்லாம்கூட ஆய்வாளர் கண்ணில் எதுவும் தப்பாது என்று வைத்துப் போட்ட கணக்கு. பூச்சியுள்ள செடியைப் பார்த்தும் இரண்டில் ஒன்றைத் தவறவிடுவார் என்றால் 258 என்பது 520 அளவுக்குப் போய்விடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸோடு ஒருவர் எட்டு மணி நேரம் இலை திருப்பினால், ஏழாவது மணியில் அவர் கண் என்ன பார்க்கும் என்று யோசித்தால் இந்த "இரண்டில் ஒன்று" மிகையாகத் தோன்றாது.

கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் ஒன்று மாறாது. இலைத் திசுவுக்குள் இருக்கும் முட்டையும் மரத்துக்குள் இருக்கும் புழுவும் அன்றைக்கு வெளியே தெரியாது. செடி இருட்டிலும் குளிரிலும் பயணம் செய்து வந்திருக்கும். பூச்சி அசையாது, இலை உதிர்ந்திருந்தால் நோய்க்குறியும் அதோடு போயிருக்கும். பார்ப்பதற்கு மிக மோசமான ஒரு நாளைத்தான் நாம் ஆய்வு நாளாக வைத்திருக்கிறோம்.

நர்சரியில் ஒதுக்கி வைப்பது

ஆகவே காத்திருந்து பார்க்கும் வழி. செலவு வாங்கியவருடையது, இடமும் அவருடையது, ஆய்வாளர் வந்துபோனால் போதும். காகிதத்தில் இதைப் போல அழகான ஏற்பாடு வேறில்லை. நான்கு வழிகளில் மிக அதிகமாக வேறுபடுவதும் இதுதான். நன்றாகச் செய்தால் பெரும்பாலான செடிகளுக்கு இதுவே போதும். அரைகுறையாகச் செய்தால் துறைமுகத்தில் விட்டுவிடுவதைவிடவும் மோசம். எல்லோரும் பாதுகாப்பாக இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார்கள்.

2001-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டுக்விலா என்ற ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். கொரியாவிலிருந்து வந்த மேப்பிள் போன்சாய் மரங்கள் ஒரு நர்சரியில் இருந்தன. அவற்றின் தண்டுக்குள் இருந்த நீள்கொம்பு வண்டுகள் வளர்ந்து, துளை போட்டு, வெளியே வந்தன. சில பிடிபட்டன. துளைகளின் எண்ணிக்கையும் பிடிபட்ட வண்டுகளின் எண்ணிக்கையும் பொருந்தவில்லை, மீதி பறந்துவிட்டன. கடைசியில் சுற்றுவட்டாரத்தில் அந்த வண்டு தங்கக்கூடிய மரங்களை, ஆயிரம் அளவில், வெட்ட வேண்டியதாயிற்று. காத்திருந்ததில் தப்பில்லை, காத்திருந்ததால்தான் வண்டு இருப்பதே தெரிந்தது. வெளியே வந்த வண்டைத் தடுத்து நிறுத்தும் கூரையும் வலையும்தான் இல்லை. பூச்சி தெரிய எத்தனை நாள் என்று கேட்பதோடு, தெரியும் நாளில் அது எங்கே இருக்கும் என்றும் கேட்டாக வேண்டும். தண்டுத் துளைப்பான் தன்னைக் காட்டிக்கொள்வதே பறந்துபோகும்போதுதான்.

அதனால் இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் வலையில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. இலைப்பேனைத் தடுக்க 0.2 மில்லிமீட்டருக்கும் சிறிய துளை வேண்டும். அவ்வளவு நெருக்கமான வலை போட்டால் காற்று போகாது, உள்ளே வெப்பம் ஏறும், விசிறி வைக்க வேண்டிவரும். கதவு இரண்டு வேண்டும். ஒன்று மூடிய பிறகே அடுத்தது திறக்க வேண்டும். கத்தரியும் வாளியும் குழாயும் அந்த அறைக்கென்று தனியாக இருக்க வேண்டும். வடியும் தண்ணீர் மற்ற செடிகள் பக்கம் போகக் கூடாது. நர்சரியில் வேலை செய்கிறவர் காலையில் இந்த அறைக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, அதே சட்டையோடு மற்றப் பாத்திகளுக்குப் போனால் வலையும் கதவும் வீண். முதலில் வெளிப்பாத்தி, கடைசியில் குவாரண்டைன் அறை என்று வேலை வரிசையை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். இதற்குப் பைசா செலவில்லை. ஆனாலும் பல இடங்களில் இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

ஆய்வாளர் எப்போது வருவார் என்பது அடுத்தது. "மாதம் ஒருமுறை" என்று எழுதிவைப்பது நிர்வாகத்துக்கு வசதி. வெள்ளை ஈக்கு முட்டையிலிருந்து பறக்கும் நிலை வரை வர, 25 டிகிரி வெப்பத்தில் மூன்று நான்கு வாரம் ஆகும். மாதம் ஒருமுறை வருகிறவர் முதல் தலைமுறையைத் தவறவிட்டு இரண்டாவதைப் பார்ப்பார். தளிர் விடும் நேரம், புது இலை முற்றும் நேரம், பூக்கும் நேரம் என்று செடியின் போக்கைப் பார்த்து வருவதுதான் பயன். இடையில் மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிட்டு வாரம் ஒருமுறை மாற்றினால், ஆய்வாளர் இல்லாத நாட்களுக்கு அது சாட்சி.

எனக்கு இந்த வழியில் மிகவும் உறுத்துவது வேறு விஷயம். ஒதுக்கி வைத்த செடியில் பூச்சி கண்டால் யாருக்கு நஷ்டம்? அதைத் தினமும் பார்க்கிற அதே ஆளுக்கு. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். வாடிய ஒரு செடியைப் பார்த்தால் கை தானாகவே அதைப் பிடுங்கிக் குப்பையில் போடும். நர்சரி வைத்திருப்பவரின் பழக்கம் அது. ஆய்வாளர் வரும் நாளில் இருக்கிற செடி எல்லாம் பளபளவென்று இருக்கும். அவர் பார்த்திருக்க வேண்டிய செடியோ பத்து நாள் முன்பே உரக்குழிக்குப் போயிருக்கும். செத்த செடியை எண் போட்டு, மூடிய பையில் வைத்திருந்து, ஆய்வாளர் கையில் கொடுக்க வேண்டும் என்ற ஒற்றை விதி இல்லாமல் இந்த வழியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒருவேளை அழிக்க நேர்ந்தால் விலையில் ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்கும் என்ற ஏற்பாடும் இருந்தால், மறைக்கும் ஆசை இன்னும் குறையும்.

மூடிய நிலையம்

அரசு நிலையத்தில் மேலே சொன்ன தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. பார்க்கிறவருக்கும் செடியின் விலைக்கும் தொடர்பில்லை. வடிகட்டிய காற்று, கொதிக்கவைத்துக் கழிக்கும் தண்ணீர், பயிற்சி பெற்ற ஆட்கள். ஆஸ்திரேலியா மெல்போர்ன் அருகே மிக்கிள்ஹாமில் 2015-இல் திறந்த நிலையத்தில் செடி, தேனீ, குதிரை, நாய், பூனை எல்லாவற்றுக்கும் ஒரே வளாகத்தில் தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட நிலையம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கே தனியாக ஒரு பன்னாட்டுத் தரநிலை உண்டு, 34-ஆவது.

இடம்தான் பிரச்சினை. ஆயிரம் செடியை அங்கே வைக்க முடியாது. பல மாதம், சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது செடி இறக்கவும் செய்யும்; குவாரண்டைன் பசுமைக்குடில் செடியைச் செழிக்க வைப்பதற்காகக் கட்டியதில்லை. காத்திருப்பு அளவு மீறினால் ஆட்கள் ஒட்டுக்குச்சியை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர ஆரம்பிப்பார்கள். அதை எந்த வழியாலும் பார்க்க முடியாது.

ஆனால் கேள்வியை வேறு மாதிரி போட்டால் நிலையம் திடீரென்று கைக்கு எட்டும். ஆயிரம் செடி எதற்கு? பத்து ஒட்டுக்குச்சி போதாதா? பத்தை நிலையத்தில் வைத்து, சுத்தம் என்று உறுதியான பிறகு அதையே தாய்ச்செடியாக்கிப் பெருக்கிக்கொள்ளலாம். திராட்சை, ஆப்பிள், எலுமிச்சை வகைகளுக்கு இதுதான் விவேகம். அவை முப்பது ஆண்டு நிலத்தில் நிற்கப் போகிறவை. இரண்டாண்டு தாமதம் அதில் பெரிதில்லை. அடுத்த பருவத்தில் விற்றாக வேண்டிய பூச்செடிக்கு இந்த வாதம் எடுபடாது, எடுபடவும் தேவையில்லை.

ஆய்வகம் சொல்வதும் சொல்லாததும்

கண்ணுக்குத் தெரியாததை ஆய்வகம் காட்டும் என்பது உண்மை. 2003-இலும் 2020-இலும் அமெரிக்காவுக்கு வந்த ஜெரேனியம் தண்டுத் துண்டுகளை நினைத்துப் பாருங்கள். முதல் முறை கென்யாவிலிருந்து, அடுத்த முறை குவாதமாலாவிலிருந்து. உருளைக்கிழங்கில் பழுப்பழுகலை உண்டாக்கும் பாக்டீரியா வகை அவற்றுக்குள் இருந்தது. குளிர்ச்சியான இடத்தில் செடி ஒரு குறியும் காட்டாது. கண்டுபிடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான பசுமைக்குடில்களுக்குப் போயிருந்தது. எத்தனை கண்கள் பார்த்திருந்தாலும் நிற்காது; ஒரு சோதனை நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் எலிசா, பிசிஆர் போன்ற சோதனைகள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்பவை. இந்த வைரஸ் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது, இல்லை என்று சொல்லும். நாம் பெயர் சொல்லிக் கேட்காதது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் வாய் திறக்காது. இன்னொன்று, எந்த இலையைக் கிள்ளினோம் என்பதும் விதியைத் தீர்மானிக்கும். எலுமிச்சையின் பச்சையாதல் நோய்ப் பாக்டீரியா மரம் முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஒரு கிளையில் இருக்கும், அடுத்த கிளையில் இருக்காது. "இல்லை" என்று வந்த முடிவு அந்தக் கிளைக்கு, அந்த நாளுக்கு மட்டும்தான்.

புதிய மரபணு வரிசைப்படுத்தல் முறை பெயர் சொல்லாமலேயே உள்ளே இருப்பவற்றில் பெரும்பாலானவற்றைக் காட்டக்கூடியது. பழைய முறையில், சந்தேகத்துக்குரிய குச்சியை நோய் காட்டும் வேறொரு மரத்தில் ஒட்டுக்கட்டி இரண்டு மூன்று ஆண்டு பார்ப்பார்கள்; அந்தக் காலத்தை இது வெகுவாகக் குறைக்கக்கூடியது. வசதிதான். அதே நேரம் இதுவரை யாரும் பெயர் வைக்காத ஒரு வைரஸைக் காட்டிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். அது தீங்கானதா, நூறு ஆண்டாகச் செடியோடு சும்மா இருப்பதா? முடிவு மறுபடியும் மனிதர் தலையில்.

திசு வளர்ப்புக் குப்பியில் வரும் செடி இதற்கு மாற்று என்பார்கள். பூச்சிக்கும் மண்ணுக்கும் அதில் இடமில்லை, அந்த வகையில் மிக நல்லது. வைரஸ் குப்பிக்குள்ளும் வரும். வாழையில் இன்னும் வேடிக்கை: ஒரு வகைக் கோட்டு வைரஸ் சில வாழைகளின் மரபணுவுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது, திசு வளர்ப்பின் அழுத்தமே அதை எழுப்பிவிடலாம்.

எதை எடுப்பது

என் கணக்கு இப்படி. இலைதழை அலங்காரச் செடி, மென்தண்டுப் பூச்செடி என்றால் துறைமுகத்தில் "நூற்றுக்கு இரண்டு" விகிதத்தைக் கைவிட்டு, மேலே சொன்ன புள்ளியியல் கணக்கில் மாதிரி, அப்புறம் வலை போட்ட நர்சரியில் ஆறு வாரம். ஆறு வாரம் என்பது பெரும்பாலான உறிஞ்சும் பூச்சிகளின் ஒரு தலைமுறையைத் தாண்டிவிடும். ஜெரேனியம் போல மறைந்திருக்கும் பாக்டீரியாவுக்குப் பேர் போன இனமாக இருந்தால் கூடவே சோதனை. நீண்டநாள் நிற்கும் பழமரங்களுக்கு முழுச்செடியை மறந்துவிட்டு, சில குச்சிகள், நிலையம், ஆய்வகம் மூன்றும் சேர்த்து.

பெருவிரல் தடிமனுக்கு மேல் தண்டுள்ள மரச்செடிகள்தான் தலைவலி. துறைமுகத்தில் தெரியாது, ஆய்வகத்துக்கு வெட்ட முடியாது, நர்சரியில் காத்திருந்தால் பறந்துவிடும். உறுதியான கம்பி வலைக்குள் வண்டின் முழு வளர்ச்சிக் காலமும் வைத்திருக்க முடியாதென்றால், வேண்டாம் என்று சொல்வதே மேல். ஐந்தாவது வழி ஒன்று எப்போதும் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். இத்தாலியின் புலியா பகுதியில் ஆலிவ் மரங்களைக் காயவைப்பதாக 2013-இல் கண்டறியப்பட்ட சைலெல்லா பாக்டீரியாவின் மரபணு, கோஸ்டா ரிக்காவில் இருக்கும் வகையோடு ஒத்துப்போனது. அலங்காரக் காப்பிச் செடிகள்மீது சந்தேகம் விழுந்தது. 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் கோஸ்டா ரிக்கா, ஹோண்டுராஸ் இரண்டிலிருந்தும் நடவுக்கான காப்பிச் செடிகளை நிறுத்திவிட்டது. ஆய்வு முறையைத் திருத்திக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரமில்லை.

எந்த வழியை எடுத்தாலும், எந்தச் செடி யாரிடம் போனது என்ற பதிவு இல்லாவிட்டால் பிறகு கண்டுபிடித்தும் புண்ணியமில்லை. விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், எண், தேதி, இவ்வளவு போதும்.

கடைசியாக, ஆணையில் நாட்களை எப்படி எழுதுவது என்பது. "ஆறு மாதம் கண்காணிப்பு" என்று எழுதினால், இலையுதிர்ந்து உறங்கும் நிலையில் வந்த மரக்கன்று அதில் நான்கு மாதத்தை மொட்டையாகவே கழித்துவிடும். ஒவ்வொரு முறையும் ஆய்வாளர் வந்து, குச்சியைப் பார்த்து, "நோய்க்குறி இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார். இலையே இல்லாத செடியில் குறி எங்கிருந்து வரும்? "தளிர் விட்டு முழு இலையோடு இத்தனை வாரம்" என்று எழுதுங்கள். வசந்தம் தாமதமானால் கெடுவும் தள்ளிப்போகட்டும், வாங்கியவர் முணுமுணுப்பார்தான்.